மூன்று மணி வெயிலில் ஒரு கைப்பிடி

அந்தப் படிக்கட்டுக் கைப்பிடியைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அமெரிக்காவின் அரிசோனாவில் அப்பாச்சி ஜங்ஷன் என்ற ஊரில் ஒரு மொபைல் ஹோம், அதாவது தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து வைக்கும் வீடு. உள்ளே தனியாக இருந்த அமெரிக்க அம்மாவுக்கு எண்பது தாண்டியிருந்தது. வாசலில் நான்கு படி, பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. பிப்ரவரியில், முதியோர் வீடுகளைப் பழுது பார்க்கும் எங்கள் அமைப்பின் சார்பில், இரண்டு பக்கமும் இரும்புக் குழாய் வைத்துக் கைப்பிடி போட்டுக் கொடுத்தோம். உள்ளங்கைக்கு அடங்குகிற ஒன்றரை அங்குலக் குழாய், கறுப்பு பெயின்ட், ஆட்டிப் பார்த்தால் அசையவில்லை. போட்டோ எடுத்தேன், கையெழுத்து வாங்கினேன், ஃபைலை மூடினேன்.

ஜூன் கடைசியில் அவர் வீட்டு கூலரைப் பார்க்கப் போனபோது, கைப்பிடியின் நுனியில் சமையலறைக் கையுறை ஒன்று தொங்கியது. அடுப்பிலிருந்து சூடான தட்டை எடுக்கப் போட்டுக்கொள்வார்களே, பஞ்சு வைத்துத் தைத்தது, அதுதான். நம் வீட்டுக் கரித்துணியின் அமெரிக்க அவதாரம். இது எதற்கு என்று கேட்டேன்.

“நீ போட்ட கைப்பிடி நல்லாத்தான் இருக்கு, ஹனி. மத்தியானத்துக்கு மேல தொடணும்னா மட்டும் இது வேணும்.”

குழாயில் விரல் வைத்த வேகத்தில் எடுத்தேன். வாசல் மேற்கே பார்த்தது. நிழல் இல்லை. கறுப்பு பெயின்ட் வேறு. கையுறை போட்டால் பிடி இறுகாது, போடாவிட்டால் பிடிக்கவே முடியாது. அதை உள்ளே மறந்துவிட்டு வந்த நாட்களில் எதையும் தொடாமல் நாலு படியும் இறங்கிவிடுவாராம். சாதாரணமாகச் சொன்னார். கீழே இருந்தது தார்த் தளம். இங்கே கோடை மதியத்தில் தார் 160 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும், செல்சியஸில் எழுபதுக்கு மேல். விழுந்து எழ முடியாமல் கிடக்கும் முதியவர்களைத் தீக்காயப் பிரிவில் சேர்ப்பது பீனிக்ஸ் பகுதியில் ஒவ்வொரு கோடையிலும் நடப்பது.

வேலூர்க்காரிக்கு வெயிலைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம் என்று நினைத்திருந்தவள் நான். எங்கள் ஊரை வெயிலூர் என்றே கேலி செய்வார்கள். கணவருக்கு சாண்ட்லரில் சிப் தொழிற்சாலை வேலை என்று இங்கே வந்தேன். சில வருடம் வீட்டில் இருந்துவிட்டு, வருமானம் குறைந்த முதியோரின் சொந்த வீடுகளைப் பழுது பார்த்துக் கொடுக்கும் ஒரு தொண்டு அமைப்பில் சேர்ந்தேன். ஆணி அடிப்பது என் வேலை அல்ல. போய்ப் பார்த்து, வீட்டில் எது உடைந்திருக்கிறது, எது ஆளை உடைக்கும் என்று எழுதிக் கொடுப்பது. அடிப்பவர் வேறு. எல்லைக்கு அந்தப் பக்கம் மெக்ஸிகோவின் சொனோராவிலிருந்து இளவயதில் வந்து, தச்சு, பிளம்பிங், கூரை என்று எல்லாம் பார்த்த பெரியவர். என்னை ‘மிஹா’ என்பார். ஸ்பானிஷில் மகளே என்று அர்த்தம். கையுறைக் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

“நாம எத்தனை மணிக்குப் போய் அளந்தோம், மிஹா?” என்று மட்டும் கேட்டார்.

காலை ஒன்பது மணிக்கு. எப்போதுமே ஒன்பது மணிக்குத்தான். வெயில் ஏறுவதற்குள் வேலையை முடிப்பது இங்கே எழுதப்படாத சட்டம். கோடையில் கூரை வேலைக்காரர்கள் விடிகாலை ஐந்து மணிக்கெல்லாம் ஏணி சாய்த்துவிடுவார்கள். அது சரிதான், உயிர் முக்கியம். ஆனால் வீட்டைப் பார்ப்பதையும் அதே கணக்கில் வைத்திருந்தோம். காலை ஒன்பது மணி வீட்டுக்கும் மதியம் மூன்று மணி வீட்டுக்கும் விலாசம் ஒன்று என்பதைத் தவிர வேறு சம்பந்தமில்லை.

அந்த வாரமே நேரத்தை மூன்று மணிக்கு மாற்றினேன். அலுவலகத்தில் முணுமுணுத்தார்கள். காரின் ஸ்டீயரிங்கைத் தொட முடியாத நேரத்தில் ஏன் அலைகிறாய் என்றார்கள். அந்த நேரத்தில் போனால்தானே தெரிகிறது? குளிர்ந்த நீர்க் குழாயைத் திறந்தால் வெந்நீர் வருவது. வெயிலில் கிடந்த தோட்டத்து ஹோஸிலிருந்து முதலில் கொட்டும் தண்ணீர் தோலை வேகவைத்துவிடும் என்பது. கதவின் பித்தளைக் குமிழ். மேற்கு ஜன்னல்களில் அலுமினியத் தாள் ஒட்டியிருப்பதைக் காலையில் பார்த்தால் அசிங்கமாகத்தான் தெரியும். மூன்று மணிக்கு அதன் அருமை புரியும். வெளிப்பக்கம் வலைத்திரை போட்டால் கண்ணாடிக்கு வருவதற்கு முன்பே வெயில் நின்றுவிடும் என்பதால் இப்போது என் பட்டியலில் அதுதான் முதலில் வருகிறது. உள்ளே தொங்கவிடும் கனத்த திரைச்சீலை என்ன இருந்தாலும் இரண்டாம்பட்சம்தான். சூடு அதற்குள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிடுகிறது.

இன்னொன்றும் மூன்று மணிக்குத்தான் தெரிந்தது. காலையில் வீட்டைச் சுற்றிக் காட்டும் அதே பெரியவர்கள், மதியத்தில் ஒரே ஒரு நாற்காலியில் வாழ்கிறார்கள். மூன்று அறை வீடு, இரண்டை மூடி வாசலடியில் துண்டைச் சுருட்டி வைத்துவிட்டு, ஏசியின் சூட்டளவை வைக்கும் தெர்மோஸ்டாட்டை 86-இல் நிறுத்தியிருப்பார்கள். அது 30 செல்சியஸ். ‘எனக்குப் பழகிவிட்டது’ என்பார்கள். வயதானால் உடம்புக்குச் சூடும் தாகமும் தெரிவது குறைந்துவிடும். பழகியது என்று அவர்கள் சொல்வது பாதி அதுதான். மீதிப் பாதி, கரன்ட் பில் பயம்.

2023 கோடையை இங்கே இருந்தவர்கள் மறக்கமாட்டோம். ஜூன் 30 முதல் ஜூலை 30 வரை, தொடர்ந்து 31 நாள், பீனிக்ஸில் பகல் வெப்பம் 110 டிகிரிக்குக் (43 செல்சியஸ்) குறையவே இல்லை. வெப்பத்தால் இறந்தவர்கள் என்று அந்த ஆண்டு, பீனிக்ஸ் அடங்கிய மாவட்டமான மாரிகோபா கவுண்டியின் கணக்கில் வந்தவர்கள் 645 பேர். பெரும்பாலானோர் வெளியே இறந்தவர்கள். வீட்டுக்குள் இறந்தவர்களின் வீடுகளில் பெரும்பாலும் ஏசி இருந்தது. ஓடவில்லை, அவ்வளவுதான்.

ஏன் ஓடவில்லை என்பதற்குப் பல வீடுகளில் விடை ஒரு சின்ன டப்பாவாக இருக்கிறது. மெசாவில் ஓய்வுபெற்ற லாரி டிரைவர் ஒருவர் மூன்று நாளாக ஏசி இல்லாமல் ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதல் நாளே ஒரு கம்பெனி ஆள் வந்து பார்த்து, மெஷின் மொத்தமும் போய்விட்டது, புதிதாகப் போட வேண்டும் என்று ஆயிரக்கணக்கில் விலை எழுதிக்கொடுத்துப் போயிருந்தார். நல்லவேளை, இவர் கையெழுத்துப் போடவில்லை. எங்கள் பெரியவர் கூரை மேல் ஏறி, மெயினை அணைத்துவிட்டு மூடியைக் கழற்றினார். அந்தச் சின்ன டப்பா, மோட்டாரைக் கிளப்பிவிடும் கெப்பாசிட்டர், அதன் தலை பூரி மாதிரி உப்பியிருந்தது. சூட்டில் முதலில் உயிரை விடுவது அதுதான். வேறொன்று மாற்றினார், காயிலில் அப்பியிருந்த மண்ணைக் கழுவினார். காற்று வந்ததும் டிரைவர் எதுவும் பேசவில்லை. கழுத்திலிருந்த துண்டை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டார். மெஷின் போய்விட்டது என்று சொன்ன அந்த ஆளை இன்று நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது.

பில் பாக்கிக்காகக் கோடையில் மின் இணைப்பை வெட்டுவதை, மின் நிறுவனங்களைக் கண்காணிக்கும் மாநில ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் தடுத்தது. அதற்கு முந்தைய ஆண்டு, சொற்பத் தொகை பாக்கிக்காக மின்சாரம் துண்டிக்கப்பட்ட வீட்டில் ஒரு மூதாட்டி இறந்துபோனதுதான் அதற்குக் காரணம். விதி வந்தாலும் பயம் போகவில்லை. வெட்டமாட்டார்கள், சரி, சேர்ந்த பாக்கியை அக்டோபரில் யார் கட்டுவது என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

கூலர் விஷயம் தனிக் கதை. கூரை மேலே பெட்டி, அதற்குள் மர நார்ப் பட்டை, பம்பு, ஃபேன். நம் ஊரில் சென்னையில் அது வேலைக்காகாது, உள்மாவட்டத்தில் மே மாதத்தில் சுகமாக இருக்கும். காரணம் ஒன்றுதான், காற்றில் ஈரம் இருந்தால் தண்ணீர் ஆவியாகாது. அரிசோனாவிலும் மே, ஜூனில் கூலர் பிரமாதம், ஏசியைவிடச் செலவு மிகக் குறைவு. ஜூலையில் மான்சூன் ஈரம் வந்துவிட்டால் வீடு இட்லிக் கொப்பரை. (ஆம், இங்கேயும் மான்சூன் உண்டு, ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை என்று வானிலைத் துறை கணக்கு. முதல்முறை கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது, புழுதிச் சுவர் எழுந்து ஊரையே மூடியதைப் பார்த்த பிறகு சிரிப்பதில்லை.) கூலர் மட்டும் உள்ள வீட்டில் ஒரே ஓர் அறைக்காவது ஜன்னல் ஏசி வேண்டும் என்று ஒவ்வொரு அறிக்கையிலும் எழுதுகிறேன். பணம் இல்லை என்று பாதி திரும்பி வருகிறது.

அந்தக் கையுறை அம்மாவின் கூலரும் சரியாக ஓடவில்லை என்றுதான் போயிருந்தேன். பம்பில் உப்பு படிந்திருந்தது, இங்கே தண்ணீரில் உப்பு அதிகம். ஆனால் உண்மையான கோளாறு அதுவல்ல. கூலர் தள்ளும் காற்று வெளியே போக எதிர்ப்பக்கம் ஜன்னல் கொஞ்சம் திறந்திருக்க வேண்டும். திருடனுக்குப் பயந்து எல்லா ஜன்னலையும் அடைத்திருந்தார். நான்கு அங்குலத்துக்கு மேல் திறக்காதபடி தடுப்புக் கட்டை வைத்துக் கொடுத்தோம். சில டாலர் வேலை. அன்றிரவு நன்றாகத் தூங்கினேன் என்று மறுநாள் போன் செய்தார்.

குளியலறைக்கு மட்டும் காலை, மாலை வித்தியாசம் கிடையாது. எல்லா வீட்டிலும் ஒரே கதை: துண்டு மாட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பார்கள். 250 பவுண்டு, அதாவது 113 கிலோ தாங்க வேண்டிய இடத்தில், துண்டைத் தாங்கச் செய்த கம்பி. பிடித்து எழத் தனிக் கைப்பிடி போடலாம் என்றால் ஆண்கள் சுலபத்தில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும் என்பார்கள். உங்களுக்கு வேண்டாம், விருந்தாளி யாராவது வழுக்கி விழுந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்பேன். விருந்தாளிக்காக உடனே சம்மதம் கிடைத்துவிடும். கதவடியில் ரப்பர் பட்டை போடுவதற்கும் இப்படி ஒரு வழி வைத்திருக்கிறேன். குளிர்காற்று வெளியே போகாது என்று சொன்னால் பார்க்கலாம் என்பார்கள். தேள் வராது என்று சொன்னால் அன்றைக்கே போடச் சொல்வார்கள்.

பணம் எங்கிருந்து வருகிறது என்று ஊரில் கேட்பார்கள். பலவிதம். கிராமப்புறமாக இருந்தால் அமெரிக்க மத்திய வேளாண் துறையின் 504 திட்டத்தில், 62 வயது நிரம்பிய, வருமானம் மிகக் குறைந்த வீட்டுக்காரருக்கு 10,000 டாலர் வரை மானியம் உண்டு. மூன்று ஆண்டுக்குள் வீட்டை விற்றால் திருப்பிக் கட்ட வேண்டும். அந்த ஒரு வரியைக் கேட்டதும் ‘நான் எங்கே போகப் போகிறேன்’ என்று சிரிக்காத பெரியவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

கைப்பிடியை நவம்பரில் மாற்றினோம். இரும்பு அப்படியே இருக்க, மேலே உருண்டையாக இழைத்த மரத்தைப் பொருத்தினார் பெரியவர். படிக்கு மேலே தகரப் பந்தல் ஒன்று, மேற்குப் பக்கம் வலைத்திரை. அந்த அம்மா கையுறை இல்லாமல் ஏறி இறங்கிக் காட்டினார். கையுறை மட்டும் அதே நுனியில் தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்துவிடலாமே என்றேன்.

“இப்ப நவம்பர் தானே, ஹனி” என்றார்.

ஃபைலை மூடவில்லை. அடுத்த ஜூன் கடைசி வாரத்தில், மதியம் மூன்று மணி என்று காலண்டரில் அவர் பெயரை எழுதி வைத்திருக்கிறேன்.