பாய்லருக்குக் கேஸ் பர்னர்

வீட்டைச் சூடாக்கும் பாய்லரில் ஆயில் பர்னரைக் கழற்றிவிட்டு கேஸ் பர்னர் மாட்டியாகிவிட்டது. மாட்டியது நானில்லை, உரிமம் உள்ள டெக்னீஷியன். கேஸ் விஷயத்தில் சொந்தக் கைவரிசை காட்டப் பல நாடுகளில் சட்டமே விடாது.

பர்னரைப் பொருத்துவது சின்ன வேலைதான். நேரமெல்லாம் அதைச் சரிக்கட்டுவதில் போயிற்று. ஒரு கன மீட்டர் இயற்கை எரிவாயு முழுசாக எரிய ஏறக்குறைய 10 கன மீட்டர் காற்று வேண்டும். காற்று குறைந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு வரும். ரொம்பக் கூடினால் சூடு புகைபோக்கி வழியே வீணாகும். அதனால் புகைபோக்கிக்குள் ஒரு கருவியை நுழைத்து, ஆக்சிஜன் எவ்வளவு, மோனாக்சைடு எவ்வளவு என்று பார்த்துப் பார்த்துத் திருகினார். சுடர் நீலமாக எரிந்தால் போதும் என்று சொல்பவர்கள் அந்தக் கருவியின் திரையை ஒருமுறை பார்க்க வேண்டும்!

எனக்குப் புதிதாகத் தெரிந்தது புகைபோக்கி சமாச்சாரம். கேஸ் எரியும்போது நிறைய நீராவி உண்டாகிறது. புகை சுமார் 55 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிர்ந்தால் அது அமிலத் தண்ணீராகி, பழைய செங்கல் சுவரை அரித்துவிடுமாம். ஆகவே உள்ளே எஃகுக் குழாய் இறக்கியாயிற்று.

கடைசியாக, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவு பார்த்தார். குமிழி வரவில்லை. கேஸ் கசிந்தால் எச்சரிக்கும் டிடெக்டரைக் கூரையை ஒட்டி மாட்டியிருக்கிறோம், இயற்கை எரிவாயு காற்றைவிட லேசு. எல்பிஜி வைத்திருப்பவர்கள் தரையருகே மாட்டுங்கள், அது கனம். மோனாக்சைடு அலாரம் தனி, இரண்டு பேருக்குமே வேண்டும்.