கேட்டில் ஒரு ஆம்பியர்!

இரண்டு ராத்திரி வீணாய்ப் போனது. தப்பு எங்கே என்று சொல்லும் எரர் ஏதாவது வந்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். அதுவும் வரவில்லை.

12 வோல்ட் மோட்டாரை ஐஆர்எஃப் 540என் மாஸ்ஃபெட் (கேட் என்ற காலில் வோல்டேஜ் கொடுத்தால் டிரெயின் காலிலிருந்து சோர்ஸ் காலுக்குக் கரன்ட் விடும் ஸ்விட்ச்) வைத்து ஓட்டும் சர்க்யூட். சால்டரிங் அயர்னை எடுக்கும் முன் எல்டிஸ்பைஸ் என்ற சர்க்யூட் சிமுலேட்டரில் ஓட்டிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். மோட்டாருக்குப் பதில் லோடாக 6 ஓம் ரெசிஸ்டர். மாஸ்ஃபெட் எப்படி நடந்துகொள்ளும் என்று சிமுலேட்டருக்குச் சொல்லும் மாடல் ஃபைல் சிக்கலில்லாமல் கிடைத்தது; சர்க்யூட் இருக்கும் ஃபோல்டரிலேயே போட்டேன். எல்டிஸ்பைஸோடு வரும் என்மாஸ் சிம்பலை, அதாவது மாஸ்ஃபெட்டின் படக்குறியை, வேறு பெயரில் சேவ் செய்துகொண்டேன் (ஒரிஜினலில் கை வைக்காதீர்கள், அப்டேட் வந்தால் போய்விடலாம்). ஓட்டினால் மாடலைக் காணோம் என்றது. மாடல் சப்சர்க்யூட்டாக (பல பாகங்களைச் சேர்த்து எழுதிய குட்டி சர்க்யூட்) இருந்தால் சிம்பலின் ப்ரிஃபிக்ஸை (முன்னெழுத்தை) எக்ஸ் என்று மாற்ற வேண்டும். மாற்றினேன், ஓடியது.

ஓடியது, ஆனால் லோடில் கரன்ட்டே இல்லை. டிரெயின் 12 வோல்ட்டிலேயே படுத்துக் கிடந்தது. கேட்டுக்கு முன்னால் இருந்த 10 ஓம் ரெசிஸ்டரிலோ, பல்ஸ் ஏறும்போதெல்லாம் ஒரு ஆம்பியர்! மாஸ்ஃபெட் கேட்டுக்குள் இப்படிக் கரன்ட் நிலையாகப் பாயுமா? மாடலைத் திட்டினேன். வேறு மாடல் இறக்கினேன். அதுவும் அதையே காட்டியது.

கடைசியில்தான் நெட்லிஸ்டை (எந்தப் பாகம் எந்த வயரோடு சேர்கிறது என்ற பட்டியல்) திறக்கத் தோன்றியது. எக்ஸில் தொடங்கும் வரியில் கேட், டிரெயின், சோர்ஸ் என்று நின்றது. மாடலின் சப்சர்க்யூட் வரியோ டிரெயின், கேட், சோர்ஸ் என்று கேட்கிறது. கேட்டும் டிரெயினும் இடம் மாறிவிட்டன; கேட் என்று நான் பார்த்தது மாடலின் டிரெயின். வேறு யார் செய்த வேலை? சிம்பலின் பின்களுக்கு எண் கொடுக்கும்போது டேட்டாஷீட்டில் டிஓ-220 (மாஸ்ஃபெட்டின் வெளிக்கூடு) படத்தைப் பார்த்து, கால் வரிசைப்படி 1, 2, 3 என்று போட்டவன் நானேதான். சிமுலேட்டருக்குக் கால் எங்கே இருந்தால் என்ன? சப்சர்க்யூட் வரியில் எது முதலில் நிற்கிறதோ அதுதான் 1. பிசி547, 2என்3904 என்ற இரண்டு டிரான்சிஸ்டர்களுக்கும் கால் வரிசை நேரெதிர். நெட்லிஸ்டில் இரண்டுமே கலெக்டர், பேஸ், எமிட்டர்தான்.

வயர்களுக்கு முதலிலேயே பெயர் வைத்துவிடுங்கள். இல்லையென்றால் நெட்லிஸ்டில் என்001, என்002 என்றுதான் வரும். எது கேட் என்று தேடியே கண் பூத்துவிடும்.

இரண்டு எண்களை இடம் மாற்றி, சர்க்யூட்டை மூடித் திறந்து ஓட்டினேன். லோடில் 1.98 ஆம்பியர். பழைய ஃபோல்டரில் இதே லட்சணத்தில் எண் போட்ட சிம்பல் இன்னும் இரண்டு கிடக்கின்றன.