வளவுக்குள் தேர்வடம்: ஆறு கண்டாங்கியில் ஒரு போர்வை

மதுரைக்குப் புற்றுநோய் சிகிச்சைக்குப் போய்வருகிறவர்களுக்கு பஸ் காசும் சாப்பாட்டுக் காசும் சேர்க்க எங்கள் தெருப் பெண்கள் வருடம் ஒரு தடவை ஏலம் வைக்கிறோம். மாவுருண்டை, கைமுறுக்கு, பின்னிய கொட்டான் என்று அவரவர் கைவேலையைக் கொண்டு வருவார்கள். போன வருடம் நான் வெறும் கையை வீசிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டு வந்தேன். இந்தத் தடவை ஒட்டுத்துணிப் போர்வை ஒன்று தைத்துத் தருவதாக வாயை விட்டுவிட்டேன். அப்போது கையில் இருந்தது ஒன்பது நாள்.

வெளிநாடுகளில் இப்படிப்பட்ட குயில்ட்டைக் குலுக்கல் சீட்டுப் போட்டுத்தான் பெரும்பாலும் பணமாக்குவார்கள். இங்கே 2003 முதல் லாட்டரிக்குத் தடை. சீட்டு, குலுக்கல் என்று கிளம்பி நமக்கு எதற்கு வம்பு? அதுவுமில்லாமல் ஒரு எலுமிச்சம்பழத்தையே ஆயிரக்கணக்கில் ஏலம் எடுக்கிற ஊர் இது.

அவசரத்துக்கு ஏற்ற வடிவம் என்று நான் எடுத்தது ‘ஜெல்லி ரோல் ரேஸ்’. இரண்டரை அங்குல அகலப் பட்டிகளை முனையோடு முனை தைத்து ஒரே நீளமான நாடா ஆக்க வேண்டும். அதைப் பாதியாக மடித்து, நீளவாட்டில் ஒரு தையல். மடிப்பை வெட்டிப் பிரித்து மறுபடி மடித்து இன்னொரு தையல். இப்படி ஐந்து முறை செய்தால் 32 வரிசையுள்ள போர்வை. முக்கோணம் இல்லை, மூலைக்கு மூலை பொருத்த வேண்டியதில்லை. எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் என்று மண்டையை உடைத்துக்கொள்ளவும் வேண்டாம். அதை மடிப்பு பார்த்துக்கொள்ளும். கை வேகமானவர்கள் மேல்பாகத்தை ஒரு மணி நேரத்தில் முடிப்பார்களாம். எனக்கு ஆன நேரத்தைப் பின்னால் சொல்கிறேன்.

துணிக்குக் கண்டாங்கிப் புடவை. 2019 இல் புவிசார் குறியீடு கிடைத்த நம் காரைக்குடிக் கண்டாங்கியேதான். என்னுடையது இரண்டு, அம்மாவுடையது மூன்று, எதிர்வீட்டு ஆச்சி கொடுத்தது ஒன்று. ஆறும் கடுகு மஞ்சள், கறுப்பு, அரக்கு என்று ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிற நிறங்கள். புடவையின் அகலம் 46 அங்குலம். ஒவ்வொன்றிலும் கிழிசல் இல்லாத இடமாகப் பார்த்து ஆறு பட்டி, மொத்தம் 36. ஒரு புடவையிலிருந்து 15 அங்குலத் துணிதான் போகிறது. மிச்சத்தில் தாராளமாகத் தலையணை உறை தைக்கலாம்.

வெட்டும்போதுதான் கண்டாங்கியின் அருமை தெரிந்தது. ரோட்டரி கட்டரோ (துணி வெட்டும் உருளைக் கத்தி) வெட்டுப்பலகையோ என்னிடம் இல்லை. அது வேண்டியும் இருக்கவில்லை. கட்டம் போட்ட புடவையில் கோடுதான் ஸ்கேல். அம்மாவின் மஞ்சள் புடவையில் சரியாக இரண்டு கட்டம் இரண்டரை அங்குலம். கோட்டைப் பிடித்துக்கொண்டு கத்தரியை ஓட்டினால் போதும். கட்டமில்லாதவற்றில் ஓரத்தில் சின்னதாக வெட்டு வைத்துக் கிழித்தேன். இழையோடு நேராக வந்தது, ஆனால் ஓரம் பிசிறும். அடுத்த முறை கிழிக்கிற பட்டிக்கு நூலளவு அதிகம் விடுவேன்.

சனிக்கிழமை காலை பட்டிகளை மஞ்சப்பைக்குள் போட்டுக் கண்ணை மூடி எடுத்து, எடுத்த வரிசையிலேயே தைத்தேன். ஒரே புடவைப் பட்டிகள் இரண்டு அடுத்தடுத்து வந்தால் மட்டும் ஒன்றை மறுபடி பைக்குள்ளேயே போட்டேன். முதல் பட்டியில் 18 அங்குலத்தை வெட்டி எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் இணைப்புத் தையல்கள் ஒன்றின்மேல் ஒன்று வந்து விழும். எல்லாம் போக 1,620 அங்குலம், அதாவது 135 அடி.

அதைப் பாதியாக மடித்தாலும் 67 அடி. முறுக்கு விழாமல் இருக்க எங்காவது நீட்டிப் போட வேண்டுமே? தெருவுக்குத் தெரு நீளும் பழைய வீட்டைப் பெருக்க முடியவில்லை என்று தினம் புலம்புகிறவள் நான். அன்றைக்கு அந்த நீளம் உதவியது. நாடா முகப்பில் தொடங்கி, பட்டாலையைக் கடந்து, வளவை, அதாவது நடு முற்றத்தைத் தாண்டி இரண்டாங்கட்டில் போய் முடிந்தது. வெள்ளை வெயிலில் ஆத்தங்குடிக் கல்மேல் அப்படிக் கிடந்ததைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டு ஆச்சி, “என்ன ஆத்தா, வீட்டுக்குள்ளேயே தேர் இழுக்கிறியா?” என்றார்கள்.

முதல் நீளத் தையலில் பாதி வழியில் பாபின் (அடிநூல் கண்டு) காலி. கவனிக்காமல் கிட்டத்தட்ட ஆறடி வெறும் ஊசியை ஓட்டியிருக்கிறேன். மெஷின் சத்தத்தில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அப்புறம் நாலு பாபின் நிரப்பிப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். கண்டாங்கி கனத்த நூல் என்பதால் ஊசியையும் 16 ஆம் நம்பருக்கு மாற்றினேன். முறுக்கு? என்னதான் நீட்டிப் போட்டும் விழுந்தது. ஆனால் தைக்கத் தைக்க அது மடிப்பை நோக்கித்தான் நகர்கிறது, மடிப்பை எப்படியும் வெட்டப்போகிறோம். வெட்டியதும் நிமிர்ந்துவிட்டது. இது தெரியாமல் அரை மணி நேரம் தரையில் தவழ்ந்தேன்.

ஐந்து நீளத் தையலும் சேர்த்துக் கிட்டத்தட்ட 40 மீட்டர். மேல்பாகத்துக்கு எனக்கு ஆன நேரம் மூன்றே முக்கால் மணி, நடுவில் ஒரு காபி. விரித்துப் பார்த்தேன். 64 அங்குல நீளம், எங்கள் தரையின் எட்டங்குலக் கல் சரியாக எட்டு. அந்தத் தரைக்காகவே அளவெடுத்துத் தைத்த மாதிரி.

உள்ளே பஞ்சு வைக்கவில்லை. சித்திரையில் காரைக்குடியில் பஞ்சுப் போர்வையை யார் போர்த்துவார்? அப்பாவின் எட்டு முழ வேட்டியை இரண்டாக வெட்டி, ஒன்று நடுவுக்கு, ஒன்று பின்பக்கத்துக்கு. வேட்டி அகலம் 50 அங்குலம், என் போர்வை ஐம்பதரை! முதலில் எரிச்சல்தான். பிறகு மேல்பாகத்தை 48 ஆக நறுக்கினேன். பின்பக்க வேட்டி இருபுறமும் ஓர் அங்குலம் வெளியே நின்றது. அதை முன்னால் மடித்து அடித்தால் வேட்டிக் கரையே போர்வைக்குக் கரையாகிவிட்டது. ஓரம் கட்டத் தனியாக பைப்பிங் பட்டி வெட்டும் வேலை மிச்சம். இந்தப் போர்வையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். அதுவும் அளவு தவறியதால் வந்தது.

மூன்று அடுக்கையும் விரித்து மூலைகளை டேப்பால் ஒட்டப் பார்த்தேன். முந்தின நாள்தான் தரையைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்திருந்தோம், டேப் பிடிக்கவே இல்லை. அடியில் செய்தித்தாளைப் பரப்பி, மூலைக்கு ஒன்றாக அம்மிக் குழவி, பணியாரச் சட்டி, இரண்டு செங்கல். கையகலத்துக்கு ஓர் ஊக்கு குத்தி, நாலு வரிசைக்கு ஒரு தையல் ஓட்டினேன். இதற்கு ஞாயிறு முழுக்கப் போனது, அதில் எழுத எதுவும் இல்லை. முதுகுவலி தவிர.

செவ்வாய்க்கிழமை துவைத்தேன், கெட்டது.

ஐந்து புடவையை வெட்டும் முன்பே நனைத்து, வெள்ளைத் துணியால் ஒற்றிப் பார்த்திருந்தேன். ஆச்சியின் அரக்குப் புடவையை மட்டும் விட்டுவிட்டேன். பழைய புடவை, இந்நேரம் சாயமெல்லாம் போயிருக்கும் என்ற நினைப்பு. அது பெட்டகத்திலேயே கிடந்த புடவை, இரண்டு தடவைகூடத் தண்ணீர் பார்த்ததில்லையாம். வேட்டிப் பக்கம் அங்கங்கே ரோஸ். கல்லுப்புப் போடு என்றார்கள், போட்டேன். ஏற்கனவே சாயமேற்றிய துணியில் உப்பு எதையும் பிடித்து வைக்காது. காயவிடாமல், தேய்க்காமல், நிறையத் தண்ணீரில் சோப்புத்தூள் போட்டு அலசி அலசி எடுத்ததில்தான் முக்கால்வாசி போனது. மிச்சம் ஓர் உள்ளங்கை அளவுக்கு நின்றுவிட்டது.

ஏலத்தில் விரித்துக் காட்டும்போதே திருப்பி அந்த ரோஸ் திட்டையும் காட்டினேன். பின்னால் பேச்சு வரக்கூடாது. ஐநூறில் தொடங்கி 4,200 க்குப் போனது. எடுத்தவர் தேவகோட்டைக்காரர். திட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. “பஞ்சு இல்லையே?” என்று மட்டும் இரண்டு தடவை கேட்டார்.

மறுநாளே வாசல் திண்ணையில் யாரோ இரண்டு பை பழம்புடவை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒரு பையில் முழுக்க நைலக்ஸ், அது ஆகாது. மற்றதில் நாலு அரக்குக் கண்டாங்கி. இப்போது பின்கட்டில் வாளியில் ஊறுகின்றன. மூன்றாவது தண்ணீரும் சிவப்பாகத்தான் இருக்கிறது.