மலை ரயிலைப் படமெடுக்கப் போகிறவர்கள் அதில் ஏற வேண்டாம்

மேட்டுப்பாளையத்திலிருந்து மலையடிவாரத்துக் கல்லார் எட்டு கிலோமீட்டர்கூட இராது. அந்தத் தூரத்துக்கு அறுநூறு ரூபாய் கேட்ட ஆட்டோக்காரர்மீது எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. "திரும்பி வெறும் வண்டியாத்தானுங்க சார் வரோணும்" என்றார். குன்னூர் வழியாக ஊட்டி செல்லும் பேருந்துகள் அவ்வழியேதான் போகின்றன. ஆனால் மேட்டுப்பாளையத்திலிருந்து காலை 7.10-க்கு ஊட்டிக்குப் புறப்படும் மலை ரயிலை முந்திக்கொண்டு போய் நிற்க வேண்டியிருந்ததால், பேரம் பேசி நானூறுக்கு ஏறினேன். அது இரண்டு நாள் சாப்பாட்டுச் செலவு.

நீலகிரி மலை ரயிலைப் படமெடுக்க விரும்புகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் பயணச்சீட்டுக்குத்தான் அலைகிறார்கள். உள்ளே உட்கார்ந்தால் கிடைப்பது வளைவுகளில் தெரியும் அரைப் பெட்டியும் பக்கத்து இருக்கைக்காரரின் கைப்பேசியும்தான். வெளியே நிற்பவருக்குத்தான் ரயில் முழுதாகக் கிடைக்கும். அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. மலையேறும்போது நீராவி இஞ்சின் பெட்டிகளை இழுப்பதில்லை, பின்னாலிருந்து தள்ளுகிறது. ஆகவே இஞ்சினை எதிர்பார்த்து நேர் எதிரே நிற்பவர் கண்ணில் படுவது, நீலமும் வெண்மஞ்சளும் பூசிய முதல் பெட்டியின் முகப்பில் கொடியோடு நிற்கும் பிரேக்ஸ்மேன் மட்டுமே. வளைவின் வெளிப்புறத்தில், தண்டவாள எல்லைக்கு அப்பால் மேடான இடம் பார்த்து நின்றால், பெட்டிகளும் அவற்றின் வாலில் புகை கக்கும் இஞ்சினும் ஒரே சட்டத்துக்குள் வந்துவிடும்.

கல்லாரைத் தாண்டியதும் இரு தண்டவாளங்களுக்கும் நடுவே பற்சட்டம், அதாவது பற்கள் வெட்டிய இரும்புப் பட்டை, தொடங்குகிறது. குன்னூர் வரை நீளும் இந்த ஏற்றத்தின் மிகச் செங்குத்தான பகுதிகளில் பன்னிரண்டரை அடி நகர்வதற்குள் ரயில் ஓர் அடி உயர்ந்துவிடுகிறது. இங்கே தள்ளும் எக்ஸ் வகை நீராவி இஞ்சினின் நான்கு சிலிண்டர்களில் இரண்டு வழக்கமான சக்கரங்களையும், மற்ற இரண்டு பற்சட்டத்தைக் கவ்வும் பற்சக்கரங்களையும் இயக்குகின்றன. வேகம் மணிக்குப் பதின்மூன்று கிலோமீட்டர் அளவே என்பதால் ஷட்டர் வேகத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. கவலையெல்லாம் வெண்புகையைப் பற்றியதுதான். காலை வெயில் நேராக அதன்மீது விழும்போது ஒளியளவை ஒரு படி குறைக்காவிட்டால், புகையின் சுருள்கள் அழிந்து வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும்.

ரயில் குன்னூரை அடைய மூன்று மணி நேரத்துக்கு மேலாகும். பேருந்து அதில் பாதி நேரத்துக்குள் போய்விடுவதால், அதே ரயிலை மறுபடியும் பிடிக்கலாம். நடுவே வயிற்றையும் கவனிக்கலாம். குன்னூர் பேக்கரி ஒன்றில் அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய வர்க்கியைத் தந்தார்கள். விரல் பட்டதும் அடுக்கடுக்காக உதிர்ந்து, தேநீரில் நனைத்த ஓரம் மட்டும் நெய்யும் இனிப்புமாகக் கரைந்தது. இரண்டாவது தட்டும் வாங்கினேன். இந்தப் பயணத்தில் கொடுத்த காசுக்கு மேல் கிடைத்தது அங்கே மட்டும்தான்.

குன்னூரில் நீராவி இஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் இஞ்சினை மாட்டுகிறார்கள். பிளாட்பாரம் டிக்கெட் எடுத்துக்கொண்டு அந்த மாற்றத்தை அருகிலிருந்து படமெடுக்கலாம். அதற்கு மேல் புகை கிடையாது என்றாலும், கேத்திப் பள்ளத்தாக்கின் காய்கறித் தோட்டங்களுக்கு மேலே பெட்டிகள் வளையும் காட்சியை விட்டுவிடக் கூடாது. அங்கே என்னை எரிச்சலூட்டியவர்கள் ரீல்ஸ் எடுக்கத் தண்டவாளத்தின்மேல் நின்ற கூட்டத்தார். ரயில்வே சட்டம் 147-ஆம் பிரிவின்படி இந்த அத்துமீறலுக்கு ஆறு மாதம் வரை சிறையோ ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ விதிக்கலாம். ஒருவருக்காவது அபராதம் போட்டிருந்தால் மகிழ்ந்திருப்பேன்.

பிற்பகலில் இறங்கும் ரயிலில் இஞ்சின்தான் முன்னே வரும். ஆனால் இறக்கத்தில் ஏற்றத்தின் புகை இருக்காது, கல்லாருக்கு அது வந்து சேரும் நேரத்தில் அடிவாரத்தில் மலை நிழலும் விழுந்துவிடும். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியுமென்றால், நான் காலையைத்தான் சொல்வேன். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மண்சரிவால் கல்லார் - குன்னூர் சேவை அடிக்கடி ரத்தாகும் என்பதால், விடுதிக்கு முன்பணம் கட்டுவதற்கு முன் ரயில் ஓடுகிறதா என்று கேட்டுவிடுங்கள். விடுதிக்காரர்கள் அதைச் சொல்ல மாட்டார்கள்.