தீர்த்தமலைத் தண்ணீர்

"தலையை நன்றாக நீட்டு தம்பி, உச்சியில் விழுந்தால்தான் பலன்" என்று பின்னாலிருந்த பாட்டி என் முதுகைப் பிடித்துத் தள்ளினார்.

தருமபுரி மாவட்டத்துத் தீர்த்தமலைக் கோயிலில், ராமர் தீர்த்தம் பாறையிலிருந்து நேராக மண்டையில் விழுந்தது. வெயிலில் படியேறி வந்த உடம்பு வெடவெடத்துப்போனது.

ராமன் அம்பெய்து வரவழைத்த நீர் என்கிறது தலபுராணம். இங்குள்ள இன்னொரு தீர்த்தமான அகத்தியர் தீர்த்தம் வயிற்றுக் கோளாறைத் தீர்க்கும் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை.

பாட்டி ஒரு பழைய குளிர்பான பாட்டிலின் வாயில் வேட்டித் துணியைக் கட்டி, வடிகட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார். பேரனுக்காம். நிரம்பியதும் சிரித்தார். பற்களில் குறுக்கே பழுப்புக் கோடுகள்.

தருமபுரிக்காரர்கள் அந்தக் கோடுகளைப் பற்றி யாரையும் விசாரிப்பதில்லை. நிலத்தடி நீரில் கலந்திருக்கும் ஃபுளோரைடு. அதுவும் பாறை கொடுத்ததுதான். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் ஆபத்து. பல் முளைக்கும் முன்பே, சிறு வயதில் குடித்த நீரிலேயே கறை படிந்துவிடும். அளவு இன்னும் கூடினால், ஆண்டுக்கணக்கில் குடிப்பவர்களின் எலும்பையும் வளைக்கும். காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கப்பட்டதே இதற்காகத்தான்.

மலைக்கு மேலே பாறை நீர் மருந்து, கீழே ஆழ்துளைக் கிணற்றில் அதே பாறை நீர் நோய். இரண்டையும் குடித்து வளர்ந்தவர் பாட்டி.

இந்தத் தீர்த்தத்தையும் ஒருமுறை ஆய்வகத்தில் கொடுத்துப் பார்க்கலாமே என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. சொல்லியிருந்தால் உச்சந்தலையில் வேறு ஏதாவது விழுந்திருக்கும்.