பென்சிலைப் பிடிக்க வைப்பதற்குள் எட்டு மாதம்

யு.கே.ஜி. மிஸ் கூப்பிட்டுச் சொன்னது இவ்வளவுதான். மகன் பென்சில் பிடிக்க மாட்டேன் என்கிறான், மணலில் கை வைத்தால் அழுகிறான், டாக்டரிடம் ஒரு தடவை காட்டுங்கள். குழந்தை மருத்துவர் பத்து நிமிடம் பார்த்துவிட்டு ஒரு சீட்டில் 'ஓ.டி.' என்று எழுதிக் கொடுத்தார். அந்த இரண்டு எழுத்தால் நாங்கள் பட்ட பாட்டை எழுதினால் இன்னொரு அம்மாவுக்காவது அலைச்சல் குறையும்.

சீட்டைப் பார்த்த வாட்ச்மேன் கை காட்டியது ஆபரேஷன் தியேட்டரை. வீட்டில் அத்தை அந்த வார்த்தையைக் கேட்டதும் பேரனுக்கு அறுவை சிகிச்சையா என்று கண் கலங்கிவிட்டார். கவுன்டரில் இருந்தவர், "பிசியோதானம்மா, ஏழாம் நம்பர் ரூம்" என்று அனுப்பினார். மூட்டு வலிக்கு வந்த பெரியவர்களோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்த பிறகுதான் அது வேறு, இது வேறு என்று தெரிந்தது. ஓ.டி. என்றால் ஆக்குபேஷனல் தெரபி, சாப்பிடுவது, சட்டை போடுவது, எழுதுவது போன்ற அன்றாட வேலைகளைப் பிள்ளை தானே செய்யப் பழக்கும் சிகிச்சை. மருத்துவரிடமே 'குழந்தைகளுக்கான ஆக்குபேஷனல் தெரபி' என்று முழுசாக எழுதி வாங்கிவிடுங்கள்.

அடுத்த வாரம் சரியான இடத்துக்கே போனோம். காது பரிசோதனை ரிப்போர்ட் எங்கே என்றார்கள். அது வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஏர் ஹாரன் சத்தம் கேட்டாலே காதைப் பொத்திக்கொண்டு அலறும் பிள்ளையை ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் கூட்டிப் போய், அப்படியே திரும்பக் கூட்டி வந்தேன். அன்று ராத்திரி அவன் தூங்கவே இல்லை. காது, கண் பரிசோதனை ரிப்போர்ட், பிறந்தபோதைய டிஸ்சார்ஜ் சம்மரி, தடுப்பூசி அட்டை, பள்ளி நோட்டு எல்லாவற்றையும் ஒரே பைலில் போட்டுக்கொள்ளுங்கள். இதைவிட உதவியது போனில் எடுத்த மூன்று நிமிட வீடியோ. புது இடத்தில் பிள்ளை பொம்மை மாதிரி உட்கார்ந்துவிடுவான். வீட்டில் சட்டை மாட்டும்போதும் சாப்பிடும்போதும் நடப்பதை வீடியோதான் காட்டும்.

அப்புறம் ஒரு தனியார் மையம். 24 சிட்டிங், முழுப் பணமும் முன்கூட்டியே. இங்கேதான் நான் ஏமாந்தேன். கதவைச் சாத்திவிடுவார்கள், பெற்றோர் வெளியே இருக்க வேண்டும். என்ன செய்தீர்கள் என்று கேட்டால், "சென்சரி பண்ணோம்மா" என்று பதில் வரும். தொடுதல், அசைவு போன்ற புலன்களுக்கான பயிற்சியாம். ஒரு நாள் ஷேவிங் நுரையில் அவன் கையைப் பிடித்து அழுத்தியிருக்கிறார்கள். இரண்டு வாரம் அந்தத் தெருவுக்குள் வரவே மறுத்தான். இன்னொரு நாள் கதவு லேசாகத் திறந்திருந்தது. மகன் ஊஞ்சலில் இருக்கிறான், பக்கத்தில் நின்றவர் ஒரு கையில் போனைப் பார்த்தபடி இன்னொரு கையால் ஊஞ்சலைச் சுற்றிவிட்டுக்கொண்டிருக்கிறார். பிள்ளையின் முகம் வெளுத்துக் கிடந்தது. திரும்பும் வழியில் ஆட்டோவிலேயே வாந்தி. சுழற்சி உள்காதைத் தூண்டும் வலுவான விஷயம், அதன் பாதிப்பு மணிக்கணக்கில் நீடிக்கலாம், முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் கொடுக்க வேண்டும் என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அன்றே நிறுத்திவிட்டோம். பணம் திரும்ப வரவில்லை, எனக்கு இன்னும் ஆறவில்லை.

பணம் கட்டுமுன் தெரிந்திருக்க வேண்டிய ஒன்றும் உண்டு. 2013-ல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. (ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்த்ய காரியக்ரம்) என்ற மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் பிறந்ததிலிருந்து 18 வயது வரை பரிசோதனை இலவசம். மாவட்ட அளவில் டி.இ.ஐ.சி. என்ற ஆரம்ப இடையீட்டு மையங்கள், அதாவது வளர்ச்சிக் குறைகளைச் சீக்கிரமே கண்டுபிடித்து உதவும் மையங்கள், இருக்கின்றன. அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் மருத்துவக் குழு நேரில் போகும். என் மகன் தனியார் பள்ளி என்பதால் இந்தத் தகவலே எங்கள் காதுக்கு வரவில்லை. முதலில் அங்கே போய் விசாரியுங்கள்.

இப்போது பார்க்கும் தெரபிஸ்ட் சின்னப் பெண். முதல் நாள் பென்சிலை எடுக்கவே இல்லை. கால் மணி நேரம் அவன் உட்காருவதை மட்டும் பார்த்தார். "அக்கா, அவன் கால் எங்க இருக்குன்னு பாருங்க" என்றார். நாற்காலியில் கால் அந்தரத்தில் தொங்கியது. விழாமல் இருக்க ஒரு காலை நாற்காலிக் காலில் சுற்றிக்கொண்டு, இடது கையால் தலையைத் தாங்கிக்கொண்டிருந்தான். "உடம்பு நிக்கலன்னா விரல் எப்படிக்கா நிக்கும்?" அன்று சாயங்காலமே இரண்டு செங்கல்லைப் பழைய புடவையில் சுற்றிக் காலுக்கு அடியில் வைத்தேன். பாதம் பதிந்தது. ஐந்து நிமிடம் உட்காராத பிள்ளை பத்து நிமிடம் உட்கார்ந்து வண்ணம் தீட்டினான். நான் சமையலறைக்குப் போய் அழுதுவிட்டேன்.

பிறகு எல்லாம் வீட்டிலேயே நடந்தது. அவர் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டுதான் ஒவ்வொன்றையும் செய்வார். எழுதுவதற்கு முன்னால் கனமான வேலை. இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிப் போய் அத்தையிடம் கொடுப்பது, துணி நிறைந்த வாளியைத் தள்ளுவது, சப்பாத்தி மாவு பிசைவது. மூட்டும் தசையும் இப்படி அழுத்தம் உணர்ந்தால் உடம்பு நிதானத்துக்கு வரும் என்றார். கிரேயானை உடைத்துக் கட்டைவிரல் நகம் அளவுக்குத் துண்டாக்கினோம். முழுக் கிரேயானை முஷ்டியால் பிடிப்பவன் துண்டை விரல் நுனியால்தானே பிடித்தாக வேண்டும்! தாளைச் சுவரில் ஒட்டி வரைய வைத்தோம், மணிக்கட்டு தானாகப் பின்னால் வளைந்து வலுப்பெறும்.

எனக்குப் பிடித்தது பல்லாங்குழி. புளியங்கொட்டையை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கைக்குள் தள்ளி, கடைசி இரண்டு விரலால் மூடி வைத்துக்கொண்டு, கட்டைவிரலால் ஒன்று ஒன்றாக வெளியே கொண்டுவந்து குழியில் போட வேண்டும். அத்தை ஐம்பது வருடமாக யோசிக்காமல் செய்வது இது. மகனுக்கு முதல் வாரம் அத்தனை கொட்டையும் தரையில்தான். மூன்றாவது வாரம் மூன்று கொட்டை கையில் நின்றது. வாயிலும் மூக்கிலும் போட்டுக்கொள்ளும் பிள்ளை என்றால் இது வேண்டவே வேண்டாம். மற்றவர்களும் பக்கத்திலேயே இருங்கள்.

தொடு உணர்ச்சிக்கு முதலில் ரவை, அதுவும் கரண்டியால். அவன் கையை நாம் பிடித்து வைக்கக் கூடாது, அவனாக வைக்கட்டும். நாங்கள் பதினாறு நாள் காத்திருந்தோம்.

தெரபிஸ்ட் முதல் நாளே நோட்டில் தேதி போட்டு மூன்று இலக்கு எழுதினார். இரண்டு பட்டன் தானே போடுவது, பத்து நிமிடம் உட்கார்ந்து எழுதுவது, சாதத்தைக் கையால் தொட்டுச் சாப்பிடுவது. ஆறு வாரத்தில் அளந்து பார்ப்போம், நகரவில்லை என்றால் முறையை மாற்றுவோம் என்றார். புலன் சார்ந்த இந்தச் சிகிச்சைகளுக்கு ஆய்வு ஆதாரம் குறைவு, பலனை அளக்கும் வழியை முதலிலேயே பெற்றோருடன் பேசி முடிவு செய்யுங்கள் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியே 2012-ல் மருத்துவர்களுக்குச் சொல்லியிருப்பதையும் அவர்தான் மறைக்காமல் சொன்னார். அந்த நேர்மைக்காகவே அவரை நம்பினேன். உங்கள் மையத்தில் எழுதிய இலக்கு இல்லையா, உள்ளே விட மாட்டார்களா, தயவுசெய்து அடுத்த தவணை கட்டாதீர்கள்.

முடிவெட்டுவது இன்னும் போராட்டம்தான், மிஷின் சத்தம் கேட்டதும் ஓடுகிறான். பட்டனில் மேலிருந்து மூன்று ஆகிவிட்டது. நேற்றுக் காலையில் அத்தை கோலம் போட்டபோது பக்கத்தில் குந்தி, அரிசி மாவைத் தானே கிள்ளி எடுத்து நான்கு புள்ளி வைத்தான். கையைத் துடைக்கச் சொல்லவில்லை. அந்தக் கையோடுதான் உள்ளே ஓடி வந்து என் புடவையைப் பிடித்தான்.