படகுக்கு ஸ்டீரியோ: முகப்பை விட முதுகைப் பாருங்கள்

என்னுடையது சின்ன ஃபைபர் படகு. நடுவில் ஒரு கன்சோல் (ஸ்டியரிங் இருக்கும் பெட்டி), பின்னால் ஒரு அவுட்போர்டு எஞ்சின், மேலே கூரை கிடையாது. இதில் ஒரு ஸ்டீரியோ ரிசீவர் மாட்டப் போகிறேன் என்று சொன்னதும் எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான்: "தண்ணி புகாததா?" தேவையான கேள்விதான், ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. வாங்குவதற்கு முன்னால், செத்துப்போன பழைய படகு ரேடியோக்கள் சிலவற்றைக் கேட்டு வாங்கிப் பிரித்துப் பார்த்தேன். முகப்பு நன்றாகவே இருந்தது. கண்ணாடி தெளிவு, பொத்தான்கள் வேலை செய்யும் நிலை. பின்பக்கம் ஒயர் சேரும் இடத்தில்தான் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. மழை அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்திருக்காது. கன்சோலுக்குள் தேங்கி நின்ற உப்புக் காற்று செய்த வேலை அது.

அதனால் நான் முதலில் தேடியது, தண்ணீர்த் தடுப்பு எண் செட்டின் எந்தப் பக்கத்துக்குப் பொருந்தும் என்பதை. அட்டைப்பெட்டியில் பெரிதாக ஐபிஎக்ஸ்7 என்று போட்டிருப்பார்கள். கையேட்டின் கடைசிப் பக்கத்தில் "முகப்புக்கு மட்டும், முறைப்படி பொருத்தினால் மட்டும்" என்று சின்ன எழுத்தில் இருக்கும். பின்பக்கத்துக்கு வேறு எண், அல்லது எண்ணே இருக்காது. இரண்டு பக்கத்தையும் தனித்தனியாகச் சொல்லும் கையேட்டை நான் நம்புவேன்.

அந்த எண்களையும் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். 5 என்றால் குழாயால் பீய்ச்சும் தண்ணீரைத் தாங்கும். 6 என்றால் அதைவிட வேகமான பீய்ச்சலையும் தாங்கும். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் மூழ்கினாலும் கெடாது. எண் கூடக்கூட முந்தையதெல்லாம் அதில் அடக்கம் என்று தோன்றும். 6 வரைக்கும் அப்படித்தான். 7 அப்படி இல்லை. மூழ்கடிக்கும் சோதனை வேறு, பீய்ச்சும் சோதனை வேறு. ஒன்றில் தேறியது மற்றதிலும் தேறும் என்று கட்டாயம் இல்லை. என்னைப் போல ஒவ்வொரு முறையும் ஹோஸ் பிடித்துப் படகைக் கழுவுகிறவர்களுக்கு 6-தான் அதிகம் வேண்டிய எண். இரண்டும் வேண்டுமென்றால் இரண்டு எண்ணும் போட்டிருக்க வேண்டும்.

இந்தச் சோதனைகள் எல்லாம் நல்ல தண்ணீரில் நடப்பவை. உப்புக்குத் தனிச் சோதனை உண்டு, ஏஎஸ்டிஎம் பி117 என்று பெயர். 35 டிகிரி வெப்பத்தில் 5 சதவீத உப்புக் கரைசலைப் பனி போலத் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். வெயிலின் புற ஊதாக் கதிருக்கு ஏஎஸ்டிஎம் டி4329. விவரத்தாளில் இவை இரண்டும் இருந்தால் நல்லது. உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டின் மேல் ஈரம் படாமல் மெல்லிய பூச்சு கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். கார் ஸ்டீரியோவைப் படகில் மாட்டாதீர்கள் என்று நான் சொல்வதற்கு முதல் காரணமே இந்தப் பூச்சுதான்.

அப்புறம் வாட். "4 × 50 வாட்" என்று எழுதியிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். தனி ஆம்ப்ளிஃபையர் இல்லாத சாதாரண செட், எஞ்சின் ஓடி பேட்டரி சார்ஜ் ஆகும்போது கிடைக்கும் 14.4 வோல்ட்டை அப்படியே வைத்துக்கொண்டு 4 ஓம் ஸ்பீக்கரை ஓட்டும்போது, ஒலி சிதையாமல் கொடுக்கக்கூடியது கணக்குப்படியே ஒரு சேனலுக்கு 26 வாட். நடைமுறையில் 20 ஒட்டி வரும். திறந்த படகில் எஞ்சின் சத்தத்தோடு போட்டி போட இது கொஞ்சம் கம்மிதான். அதனால் நான் வாட்டைத் தேடாமல், குறைந்த மின்சாரத்தில் அதிக ஒலி தரும் ஸ்பீக்கரைத் தேடினேன். ஸ்பீக்கரின் உணர்திறன் 3 டெசிபெல் கூடினால், ஆம்ப்ளிஃபையரின் வாட்டை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். பேட்டரிக்கும் நல்லது. ஆம்ப்ளிஃபையர் பகுதி, மின்சாரத்தை அதிகம் வீணாக்காத கிளாஸ் டி வகையாக இருந்தால் சூடும் குறைவு. காற்றோட்டமில்லாத கன்சோலுக்குள் அது சின்ன விஷயம் இல்லை.

வடிவத்தில் நான் எடுத்தது வட்டமான மீட்டர் போன்ற ரகம். வழக்கமான செவ்வக ரகத்துக்கு 182 × 53 மில்லிமீட்டர் ஓட்டை வேண்டும். நேராக அறுத்து, மூலைகளைச் சரியாக எடுக்க வேண்டும். வட்டத்துக்கு, ட்ரில்லில் மாட்டி வட்டமாக அறுக்கும் ஹோல் சா ஒன்று போதும், ரப்பர் கேஸ்கெட்டும் எல்லாப் பக்கமும் ஒரே அழுத்தத்தில் உட்காரும். ஓட்டை போடும் இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி, ட்ரில்லை முதலில் தலைகீழ்ச் சுற்றில் ஓட்டினேன். மேலே உள்ள வழவழப்பான ஜெல்கோட் பெயராமல் தேய்ந்து போகும். அது கடந்ததும் நேர்ச்சுற்று. உங்கள் பலகைக்குள் பிளைவுட்டோ பால்சா என்ற லேசான மரமோ இருந்தால், வெட்டிய விளிம்பு முழுக்க எபாக்ஸி பூசிக் காயவிட்டு அப்புறம்தான் செட்டை வையுங்கள். இல்லாவிட்டால் மரம் ஈரத்தைக் குடித்து உள்ளுக்குள்ளேயே அழுகும்.

ஓட்டை போடுவதற்கு முன் இன்னொன்று செய்தேன். ஸ்பீக்கருக்குள் வலுவான காந்தம் இருக்கிறது. மச்சானிடம் ஸ்பீக்கரைக் கொடுத்து, மாட்ட நினைத்த இடத்தில் பிடித்துக்கொண்டு மெதுவாகத் திருப்பச் சொன்னேன். நான் திசைகாட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முள் நகர்ந்தது. "இன்னும் கீழ மச்சான், இன்னும் கீழ" என்று சொல்லிச் சொல்லி, முள் அசையாத இடம் கன்சோலின் அடிப்பக்கத்தில் கிடைத்தது. பாட்டு அங்கிருந்தும் நன்றாகவே கேட்கிறது.

இனி ஒயர். என் மனம் முழுக்க இதில்தான் இருந்தது. சாதாரணச் செம்பு ஒயரின் நுனியில் உப்பீரம் ஏறினால், உறைக்குள்ளேயே ஊர்ந்து போய் இழைகளைக் கறுக்க வைத்துவிடும். வெள்ளீயம் பூசிய செம்பு ஒயர் மட்டும்தான் வாங்கினேன். பேட்டரியிலிருந்து கன்சோலுக்கு 4 மீட்டர் போக, 4 மீட்டர் வர. 10 ஆம்பியர் இழுக்கும்போது 4 சதுர மில்லிமீட்டர் ஒயரில் ஏறக்குறைய 0.4 வோல்ட் விழும், 6 சதுர மில்லிமீட்டரில் கால் வோல்ட்தான். 6-ஐயே போட்டேன். இணைப்புகளெல்லாம் கிரிம்ப் செய்து, அதாவது அழுத்திப் பிணைத்து, சூடாக்கினால் சுருங்கும், உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு மூடினேன். வெறுமனே ஈயத்தால் பற்றவைத்து விடுவதை நான் ஏற்க மாட்டேன். பற்றவைத்த இடம் விறைத்து நிற்கும், படகின் அதிர்வில் அதற்கு அடுத்த அங்குலத்தில் ஒயர் முறியும். ஒவ்வொரு ஒயரும் செட்டுக்குக் கீழே ஒரு வளைவு எடுத்து, அப்புறம் மேலேறிச் சேர்கிறது. ஒயர் வழியே ஓடிவரும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. பிளக்குகளில் ஈரம் புகாமலிருக்க டைஎலெக்ட்ரிக் கிரீஸ் தடவியிருக்கிறேன்.

நிறத்தில் கவனம் தேவை. இதை அழுத்தியே சொல்கிறேன். ஸ்டீரியோவின் பின்னால் வரும் மஞ்சள் ஒயர் பொதுவாகப் பேட்டரியின் பாசிட்டிவுக்குப் போவது, கார் ஸ்டீரியோக்களிலிருந்து வந்த வழக்கம். படகுகளுக்கான அமெரிக்கத் தரத்தில், அதாவது ஏபிஒய்சியில், மஞ்சள் என்பது நெகட்டிவ் ஒயருக்கு அனுமதிக்கப்பட்ட நிறம். இரண்டு மஞ்சளையும் ஒன்றாகச் சேர்த்தால் நேரே ஷார்ட்தான். மீட்டர் வைத்துப் பார்த்து, செட்டின் மஞ்சள் ஒயரில் சிவப்பு டேப் சுற்றி, மேலே எழுதியும் ஒட்டிவிட்டேன். நாளைக்கு வேறு யாராவது அந்தக் கதவைத் திறந்தாலும் குழம்பக் கூடாது. ஃப்யூஸ் செட்டுக்குப் பின்னால் ஒன்று இருந்தாலும், பேட்டரிப் பக்கத்திலும் ஒன்று வேண்டும். பேட்டரி ஃப்யூஸ் காப்பாற்றுவது நடுவில் ஓடும் ஒயரை.

அந்த மஞ்சள் ஒயர், செட் அணைந்திருக்கும்போதும் கொஞ்சம் மின்சாரம் குடிக்கும். 10 மில்லி ஆம்பியர் என்றால்கூட ஒரு மாதத்தில் 7 ஆம்பியர்-மணி போய்விடும். நான் எடுத்த செட், மின்சாரமே இல்லாவிட்டாலும் நிலையங்களை மறப்பதில்லை. அதனால் மஞ்சளையும் மெயின் சுவிட்சுக்குப் பின்னால்தான் கொடுத்திருக்கிறேன். பெட்ரோல் எஞ்சினோ டேங்கோ இருக்கும் மூடிய அறைக்குள் செட்டை வைக்கவே வைக்காதீர்கள், தீப்பொறி வராத சாதனம் என்று சான்று இருந்தால் ஒழிய.

வாங்கும்போது ஒலி அளவுக்கு உச்சவரம்பு வைக்கும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். 1972-இன் கடல் மோதல் தடுப்பு விதிகளில் 5-ஆவது விதி, கண்ணாலும் காதாலும் எப்போதும் கண்காணிக்கச் சொல்கிறது. எஞ்சினை வழக்கமான வேகத்தில் ஓடவிட்டு, ஸ்டியரிங்கில் நின்றபடி, படகுகள் பேசிக்கொள்ளும் விஎச்எஃப் ரேடியோவில் வரும் குரல் தெளிவாகக் கேட்கும் அளவில் பாட்டின் உச்சவரம்பை நிறுத்தினேன். மச்சானுக்கு இது குறைவாகத் தெரிகிறது. நான் மாற்றவில்லை.

கடைசியாக ஒரு சோதனை, இதை விட்டுவிடாதீர்கள். எஃப்எம் 87.5 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை, கடல் விஎச்எஃப்பின் 16-ஆவது சேனல் 156.8. இரண்டும் வேறு வேறு என்றாலும், பக்கத்தில் இருக்கும் மலிவான மின்னணுப் பொருள்கள் இரண்டிலும் இரைச்சல் கலக்கும். எல்இடி விளக்குகளே இப்படிச் செய்கின்றன என்று 2018-இல் அமெரிக்கக் கடலோரக் காவல்படை எச்சரித்தது. அவர்கள் சொன்ன முறை எளிது. விஎச்எஃப்பை ஆள் பேசாத சேனலில் வைத்து, இரைச்சல் சரியாக நிற்கும் இடம் வரை ஸ்குவெல்ச் என்ற, இரைச்சலை அடக்கும் குமிழைத் திருப்புங்கள். பிறகு சந்தேகப்படும் பொருளைப் போடுங்கள். இரைச்சல் திரும்பினால் அதுதான் காரணம். என் படகில் ஸ்டீரியோவைப் போட்டபோது ஒன்றும் இல்லை. அதனோடு மாட்டியிருந்த யுஎஸ்பி சார்ஜரைப் போட்டதும் இரைச்சல் வந்தது. அதன் ஒயரில் இரைச்சலை அடக்கும் ஃபெரைட் மணி மாட்டினேன், குறைந்தது, நிற்கவில்லை. சார்ஜரைக் கழற்றிவிட்டு வேறு ஒன்றை, ஆன்டெனா ஒயரிலிருந்து தள்ளி மாட்டினேன். இரைச்சல் நின்றது.